மிஸஸ் லாக்வுட்டின் அதிர்ஷ்டம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா உப்பைக் குறைத்துக்கொண்டாரா? நானும் குட்டி ரூபியும் நலம். உன் மாப்பிள்ளை நீல் போர்முனையிலிருந்து பேசிச் சில நாளாகிறது. அங்கே இது வழக்கம்தானாம், கவலைப்படாதே.

எங்கள் ராணுவக் குடியிருப்பே கொண்டாடும் மிஸஸ் லாக்வுட் நேற்று வீட்டுக்கு வந்தார். தொண்ணூற்று மூன்று வயது. கர்னலின் மனைவி, மேஜரின் தாய். இருவருமே போருக்குப் போய் முழுசாகத் திரும்பியவர்கள். அவரைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

நான் தைத்த திரைச்சீலையைத் தூக்கிப் பார்த்து, "ஜன்னலுக்குச் சரியா வெட்டிட்டியே பொண்ணு. மிச்சத்தை உள்ள மடிச்சுல்ல தைக்கணும்? அடுத்து மாத்தலாகிப் போற ஊர்ல ஜன்னல் எவ்வளவு நீளமோ" என்று சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. "உங்களுக்கென்ன, போனவங்க ரெண்டு பேரும் திரும்பி வந்துட்டாங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. "என் வீட்டுக்காரர் வந்தாரு. என் மகன், பிற்பாடு மேஜரானானே, அவனுக்கு அப்ப மூணு வயசு. என் பாவாடைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு, 'இந்த அங்கிள் எப்ப அவரு வீட்டுக்குப் போவாரு?'ன்னு கேட்டான். அவரு காதுலயும் விழுந்துச்சு" என்றார்.

அவர் பட்டதை நான் உணரட்டும் என்றுதான் சொன்னார். எனக்கோ அதிலும் பொறாமை. ரூபியும் ஒருநாள் அப்படியே கேட்கட்டும், அம்மா. நீல் எதிரே நின்றால் போதும்.

உன் பீச் பழ ஜாம் தீர்ந்துவிட்டது, அனுப்பு. ஞாயிறன்று அப்பாவையும் ஃபோனில் பேசச் சொல். இந்த வீட்டில் ஆண் குரலே இல்லை.

ரூபி எழுந்துவிட்டாள்.

உன் மகள்,
எலினோர்