அருள் பன்றி சுட்ட கதை

என் அன்பு மச்சான் அருளுக்கு,

உன் மனைவி எஸ்தரின் கடிதம் போன மாதம் வந்தது. வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாயாம். மாணவர்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம். ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பது வயதில் போய்விட்டாய். கடைசி வரியில் அவள், 'உங்களைப் பற்றி அடிக்கடி பேசுவாங்க அண்ணா' என்று எழுதியிருக்கிறாள்.

என்ன பேசினாய் அருள்? எதைச் சொன்னாய், எதைச் சொல்லாமல் விட்டாய்?

இங்கே ஜெர்மனியில், எர்லாங்கன் நகரத்துத் தமிழ் நண்பர்கள் பொங்கலுக்கு ஒரு தட்டச்சு மலர் போடுவார்களே, அதற்கு இந்தக் கடிதத்தைக் கொடுக்கப்போகிறேன். உனக்கு மட்டும் எழுதிப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளும் உரிமை எனக்கு இல்லை. உன்னைப் பற்றிய பொய் பத்துப் பேர் முன்னால் வளர்ந்தது. அதைப் பத்துப் பேர் முன்னால்தான் நான் முடிக்க வேண்டும். உன்னைப் பார்த்தே இராத புதியவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

நீ பாளையங்கோட்டைக்காரன், நான் மதுரை. நீ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆராய்ச்சி செய்தாய், நான் ஒரு மின்கருவித் தொழிற்சாலையில் எஞ்சினியர். அறுபதுகளின் நடுவில் ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறையில் குடியிருந்தோம். ஒரே பழைய சைக்கிளை மாறி மாறி ஓட்டினோம். கமலாவைக் கல்யாணம் செய்து நான் இங்கே கூட்டிவந்தபோது ரயிலடிக்கு நீதான் கம்பளிக் கோட்டோடு வந்து நின்றாய். "தங்கச்சி, மொதல்ல இதப் போட்டுக்கிடு, பெறவு பேசலாம்" என்றாய். அன்றிலிருந்து நீ அவளுக்கு அண்ணன். நான் உனக்கு மாப்பிள்ளை.

துப்பாக்கி ஆசை எனக்கு மதுரையில் பார்த்த இங்கிலீஷ் படங்களிலிருந்து வந்தது. எங்கள் வீட்டில் முட்டைகூட உள்ளே வராது. அப்படிப்பட்ட வீட்டுப் பையன் குதிரைக்காரன் இடுப்புயரத்தில் பிடித்துச் சுடும் அந்தத் துப்பாக்கியைப் பார்த்து வாயைப் பிளந்தான். ஊருக்குத் திரும்பும் ஓர் அமெரிக்கச் சிப்பாய் அதேபோல் ஒன்றை விற்கிறான் என்று தொழிற்சாலையில் கேள்விப்பட்டதும் எனக்குத் தூக்கம் போயிற்று.

அது லீவர் ரைபிள். விசைக்கு அடியில் கை நுழைகிற மாதிரி ஓர் இரும்பு வளையம். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் வெடித்த தோட்டாவின் உறை துள்ளி வெளியே விழும், அடுத்த தோட்டா உள்ளே ஏறும். வால்நட் மரத்தில் செய்த பின்கட்டை, கன்னத்தை வைத்தால் வழுவழுவென்று இருக்கும். வெறும் துப்பாக்கியைச் சோபாவில் உட்கார்ந்து 'கட்டக் கட்டக்' என்று இழுத்து இழுத்து விடுவேன். கமலா, "குழந்தைக்குக் கிலுகிலுப்பை வாங்கிக் கொடுத்த மாதிரி இருக்கு" என்பாள்.

இந்த நாட்டில் வேட்டைத் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமப் பரீட்சை எழுத வேண்டும். ஜெர்மனில் வாய்மொழித் தேர்வும் உண்டு. எனக்குக் கேள்வி கேட்டுப் பயிற்சி கொடுத்தவன் நீ. உயிரைக் கொல்வது உனக்குப் பிடிக்காது. ஆனாலும் நண்பன் பரீட்சையில் தோற்கக் கூடாது என்று வயதைக் கணிக்க உதவும் மானின் பல் வரிசையை எனக்காக நீயும் மனப்பாடம் செய்தாய். ஒரு கேள்வி மட்டும் எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "காயம்பட்ட விலங்கு ஓடிட்டுன்னா என்ன செய்யணும்?" சுட்ட இடத்தில் கிளை ஒடித்து அடையாளம் வைக்க வேண்டும், காட்டின் பொறுப்பாளரிடம் உடனே சொல்ல வேண்டும், மோப்ப நாயோடு தேடிப் போய் அதன் வேதனையை முடிக்க வேண்டும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

என் தொழிற்சாலையில் ஃபோர்மனாக இருந்த ப்ராண்ட்னர், நகரத்துக்கு வடக்கே ஒரு கிராமத்துக் காட்டின் வேட்டை உரிமையைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். என் துப்பாக்கியைப் பார்த்து, "இதோட குதிரையும் சேர்த்து வாங்கினீங்களா?" என்று சிரித்தார். சிரித்துவிட்டுத் தன் காட்டுக்கு அழைக்கவும் செய்தார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "மான் மட்டும். பன்றிக்கு இதோட குண்டுக்குச் சக்தி போதாது, சட்டமும் விடாது. பன்றி வந்தா வேடிக்கை பாருங்க."

அந்த அக்டோபர் சனிக்கிழமை உன்னை வற்புறுத்திக் கூட்டிப்போனேன். நான் சுடுவதைப் பார்க்க எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவ்வளவுதான் காரணம். மக்காச்சோளம் அறுத்த வயலின் ஓரத்தில் மரப்பரண் மேல் நாம் இருவரும் ஒடுங்கி உட்கார்ந்திருந்தோம். மான் வரவில்லை. வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது முட்புதரிலிருந்து பெரிய கருப்பு உருவம் ஒன்று வயலுக்குள் இறங்கியது.

"பன்னி. சுடாத மாப்ள, அவர் சொல்லியிருக்காருல்லா" என்று என் தோளைத் தொட்டாய்.

"பேசாம இரு மச்சான்" என்றேன்.

சுட்டேன். குண்டு பின்பக்கமாகத் தள்ளிப் பட்டது. பன்றி கத்திய கத்தல் உனக்கும் கேட்டது. வளையத்தை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுவதற்குள் அது புதருக்குள் போய்விட்டது. இறங்கிப் போய்ப் பார்த்தோம். சோளக் கட்டைகளில் ரத்தம். கிளையை ஒடித்து என் கையில் நீட்டினாய். நான் வாங்கவில்லை. பூட்ஸ் காலால் மண்ணைத் தள்ளி ரத்தத்தை மூடினேன். வெளியே தெரிந்தால் உரிமம் போய்விடும், அழைப்பும் போய்விடும் என்பது மட்டும்தான் அப்போது என் மனதில் இருந்தது. அந்தப் பிராணியை நான் ஒரு கணம்கூட நினைக்கவில்லை.

சத்தம் கேட்டதே என்று ப்ராண்ட்னர் கேட்டபோது, "நரி. குறி தவறிடுச்சு" என்றேன். நீ தரையைப் பார்த்தபடி நின்றாய்.

மறுநாள் காலை அதே புதர் ஓரமாகப் ப்ராண்ட்னருக்குப் பக்கத்து வீட்டு விதவை பாபெட் காளான் பறிக்கப் போனாள். வலியில் வெறிபிடித்துக் கிடந்த பன்றி பாய்ந்தது. அதன் கோரைப்பல் அவள் தொடையை முழங்கால்வரை கிழித்துவிட்டது. தனியாக ஒரு சிறு நிலத்தை வைத்துப் பிழைத்துவந்த, ஐம்பது வயது தாண்டிய மனுஷி அவள். உயிர் தப்பினாள். அந்தக் கால் பழையபடி மடங்கவே இல்லை.

திங்கள் மாலை ப்ராண்ட்னர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கமலா கொடுத்த தேநீரைத் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து நசுங்கிய ஈயத் துண்டு ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். பன்றியைத் தேடிக் கொன்று, அதன் வயிற்றிலிருந்து எடுத்தது. லீவர் ரைபிளில் தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். கூர்மூக்குத் தோட்டா முன்னால் இருப்பதைக் குத்தி வெடிக்க வைத்துவிடும் என்பதால் இதற்கு மொண்ணை மூக்குத் தோட்டாதான். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அது என்னிடம் மட்டுமே இருந்தது.

"இது உங்க துப்பாக்கி" என்றார்.

நான் அந்த ஈயத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க இதைச் செஞ்சிருக்க மாட்டீங்க. பரீட்சை எழுதினவர், சட்டம் தெரிஞ்சவர். உங்க நண்பர் கூட வந்தாரே, ஆசைப்பட்டார்னு அவர் கையில கொடுத்தீங்களா?"

தலையைக் குனிந்தேன்.

அருள், நான் 'ஆமாம்' என்று சொல்லவில்லை. இத்தனை வருடமாக என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு வந்தது அதை வைத்துத்தான். அவர் எழுந்தார். "புகார் கொடுத்தா உங்க இரண்டு பேர் வாழ்க்கையும் கெடும். நான் கொடுக்கலை. ஆனா அந்த ஆள் இனி என் காட்டுப் பக்கம் வரக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். கதவருகே நின்ற கமலாவுக்கு ஜெர்மன் கொஞ்சம் புரியத் தொடங்கியிருந்த காலம். "அண்ணனா சுட்டாங்க?" என்று கேட்டாள். "தெரியாம நடந்துபோச்சு, விடு" என்றேன்.

அன்றே உன் அறைக்கு வந்து சொன்னேன். நீ புத்தகத்தை மூடி வைத்தாய்.

"நீ ஆமான்னு சொன்னியா?"

"இல்ல. தலையத்தான் குனிஞ்சேன்."

"அப்ப தலை சொல்லிட்டு." பிறகு, "நாளைக்குப் போய் உள்ளதச் சொல்லிரு மாப்ள. நானும் கூட வாரேன், பயப்படாத" என்றாய்.

அப்போது நான் சொன்னதை எழுதக் கை கூசுகிறது. கமலா மாசமாக இருந்தாள். "என் உரிமம், வேலை, விசா எல்லாம் போச்சுன்னா உன் தங்கச்சி இந்த நெலமையில எங்க போவா?" என்று கேட்டேன். வேலை போகும் என்று யாரும் சொல்லவில்லை. விசா போகும் என்றும் யாரும் சொல்லவில்லை. தங்கச்சி என்று சொன்னால் நீ வாயைத் திறக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். நீ சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனாய்.

அடுத்த சனிக்கிழமை பாபெட் வீட்டுக்குப் போனாய். அதற்கடுத்த சனிக்கிழமையும். நீ ஊருக்குத் திரும்பும்வரை இரண்டு வருடம் அவளுக்கு விறகு பிளந்தாய், உருளைக்கிழங்கு தோண்டினாய். கிராமத்தார் உன்னை, 'பன்றியைச் சுட்ட இந்தியன்' என்று கைகாட்டினார்கள். "அவகிட்ட என்ன சொன்ன?" என்று ஒரு தடவை பயந்துபோய்க் கேட்டேன். "பேச்சு என்னத்துக்கு, விறகு கெடக்கு" என்றாய்.

நம் ஆட்களிடமும் செய்தி பரவியது. பொங்கலுக்குக் கூடினால் யாராவது ஒருவர், "அருள் பன்றி சுட்ட கதையைச் சொல்லட்டுமா" என்று தொடங்குவார். கதையில் நீ துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்தாய், பரணிலிருந்து விழுந்தாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ தட்டோடு நின்று லேசாகப் புன்னகைத்தாய். என் பக்கம் திரும்பவே மாட்டாய். அது எனக்கு வசதியாக இருந்தது.

அந்த இரண்டு வருடத்திலும் நான் வேட்டைக்குப் போனேன் அருள். இரண்டு மான்களைச் சுட்டேன். துப்பாக்கியோடு நின்று போட்டோ எடுத்து மதுரைக்கு அனுப்பினேன். இதையும் சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் பாதிப் பொய்.

நீ கிளம்பிய நாளில் ரயிலடியில் என்னிடம் ஒன்றுதான் கேட்டாய். "மழைக்காலத்துல பாபெட்டம்மாவுக்குக் கால் வலிக்கும். அப்பப்ப போய்ப் பாத்துக்கோ." சரி என்றேன். ஏழு வருடத்தில் ஒரு நாள்கூடப் போகவில்லை.

எஸ்தரின் கடிதத்தைக் கமலாதான் முதலில் படித்தாள். அழுது ஓய்ந்து அவள் உட்கார்ந்திருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "எங்க அண்ணனப் பத்தி அவங்க சிரிச்சப்ப நானும் சிரிச்சேனே. என்னையும் சிரிக்க வச்சீங்களே" என்றாள். அதன்பிறகு தேவைக்கு மட்டும்தான் பேசுகிறாள். எங்கள் மகளுக்கு இப்போது எட்டு வயது. அம்மா ஏன் அப்பாவோடு பேசுவதில்லை என்று கேட்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை கிராமத்துக்குப் போனேன். ப்ராண்ட்னர் ஓய்வு பெற்றுவிட்டார். வாசலில் நிற்க வைத்தே கேட்டார். முடித்ததும், "தப்பா சுடாத வேட்டைக்காரன் கிடையாது. நானும் சுட்டிருக்கேன். அதை விட்டுடலாம்" என்றார். பிறகு வேறொன்றைச் சொன்னார். "அந்த மனுஷன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார். இரண்டு வருஷம், ஒரு தடவைகூட நான் பதில் வணக்கம் சொல்லலை. அதை இப்போ எங்கே போய்ச் சரிசெய்யறது?" எஸ்தரின் முகவரியைக் கேட்டு எழுதிக்கொண்டார். துப்பாக்கியையும் உரிமத்தையும் நானே உரிமம் கொடுத்த அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றார். மறுநாளே ஒப்படைத்தேன்.

பாபெட் கைத்தடியோடு வந்து கதவைத் திறந்தாள். நீ இறந்துவிட்டாய் என்றதும் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டாள். கிறிஸ்துமஸுக்கு வருடம் தவறாமல் அவளுக்கு அட்டை அனுப்பியிருக்கிறாய். அது எனக்குத் தெரியாது.

சுட்டது நான்தான் என்றேன்.

"அவர் நான் சுட்டேன்னு ஒரு நாளும் சொன்னதில்லை" என்றாள். "முதல் நாள் வந்தபோது, 'நான் அங்கே இருந்தேன். சொல்லியிருக்கணும், சொல்லலை. மன்னிச்சுக்கோங்க'ன்னார். யார் சுட்டதுன்னு கேட்டேன். 'நான் அங்கே இருந்தேன்'னு மறுபடியும் அதையே சொன்னார். அதுக்கப்புறம் நான் கேட்கலை."

உனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். ஒரு மகன் என்றேன். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் வந்தவரைக் காப்பி கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள். "நீங்க போகலாம்" என்றாள். என்னை மன்னித்ததாக அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நீ ஏன் சொல்லவில்லை அருள்? கமலாவுக்காகவா? என்றைக்காவது நானே சொல்வேன் என்று நம்பினாயா? ஏழு வருடமும் உன் வீட்டுக்குத் தபால்காரர் வந்தபோதெல்லாம் என் கடிதத்தில் அந்த விஷயம் இருக்குமா என்று பிரித்துப் பார்த்தாயா? நான் என்ன எழுதினேன்? இங்கே பனி அதிகம், மகள் பள்ளிக்குப் போகிறாள், நலம், நலமறிய ஆவல்.

டிசம்பரில் பாளையங்கோட்டைக்கு வருகிறேன். எஸ்தர் 'உள்ளே வாங்க அண்ணா' என்று சொல்வதற்கு முன்பே, வாசலில் நின்றபடி அவளிடமும் உன் மகனிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். கமலாவை முன்னால் நிறுத்தி ஒளிய மாட்டேன். எஸ்தர் கதவைச் சாத்தினால், சாத்திய கதவுக்கு வெளியே நின்று, உன் மகனுக்குக் கேட்கும்படி மீதியையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் போவேன்.

அந்த உறவுக்கு ஒரு நாளும் தகுதியாக நடக்காத,
உன் மாப்பிள்ளை
சந்திரன்