புகை விலகும் மட்டும்

மூதூர்
12.08.1963

அன்பு மகள் றம்லாவுக்கு வாப்பாவின் ஸலாம். அல்லாஹ் தந்த சுகத்தில் நானும் உம்மாவும் குறையில்லாமல் இருக்கிறோம், கம்பளைக் குளிரில் நீயும் மருமகன் அஸீமும் வயிற்றுப் பிள்ளையும் அப்படியே இருக்க ஐந்து வேளையும் கேட்கிறோம். உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. வாப்பா இடியன் துவக்கைக் கைவிட்டால்தான் தலைப்பிள்ளைப் பேற்றுக்கு ஊருக்கு வருவேன் என்று எழுதியிருந்தாய். அதைக் கேட்டதிலிருந்து உம்மா என்னோடு கதைக்கவில்லை, சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுகிறாள். எனக்குக் கோபம்தான் மகள். தோட்டாத் துவக்குக்காரனுக்கு ஒரு வெடி பிழைத்தால் அடுத்தது இருக்கிறது. இடியனுக்கு ஒரே வெடிதான். குழல் வாயால் மருந்து கொட்டி, தேங்காய்த் தும்பு வைத்துக் கம்பியால் இடித்து, குண்டை இறக்கி, அதன்மேலும் தும்பு அடைத்து, மிருகம் மூச்சு விடுவது கேட்கிற கிட்டத்துக்குப் போக வேண்டும். வெடித்ததும் புகை முகத்தை மூடிவிடும். அது விலகும் மட்டும் மிருகம் விழுந்ததா, நம்மேல் வருகிறதா என்று தெரியாது. அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் முப்பது வருடம் காட்டுக்குப் போனேன், வேறொன்றுக்குமில்லை.

அந்தக் கோபத்தோடேயே நேற்று விடிய அல்லைக் குளத்துப் பக்கம் போனேன். காட்டெருமைக் கடா ஒன்று வயல்களை மிதித்துத் திரிந்தது. மரத்தடியில் துவக்கை இடிக்கும்போது கூட்டாளி ஸெய்னுதீன் பின்னால் வந்து ஸலாம் சொன்னான். குண்டைப் போடும்போது பிஸ்மி சொல்வது என் வழக்கம், உனக்குத் தெரியும். ஸலாமுக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாமா, சொன்னேன். அதையே பிஸ்மி என்று எடுத்துக்கொண்ட கை, குண்டும் போட்டாயிற்று என்று நினைத்துவிட்டது. மேல்தும்பை இடித்துவிட்டு எழும்பினேன். கடா பற்றைக்குள்ளிருந்து வந்தது. றம்லா, இவ்வளவு காலத்தில் அப்படி ஒன்றை நான் கண்டதில்லை. கொம்பின் அகலம் நம் வீட்டு வாசல் அளவு. உடம்பெல்லாம் சேறு வழிய, இந்தக் காடே தன்னுடையது என்பதுபோல் வந்து நின்றது. எனக்கும் அதற்கும் இடையில் நாலு பாகத் தூரமும் இராது, வெடிவைத்தேன். புகை விலகினால் அது அதே இடத்தில் நிற்கிறது, நெற்றி மயிரில் எரிந்த தும்பு ஒட்டிப் புகைகிறது. என்னையே பார்த்தது. ஓட ஏலாது, திரும்ப இடிக்கவும் ஏலாது. சுபுஹானல்லாஹ், அந்தக் கண்ணில் கோபமே இல்லை மகள். தலையை ஒருதரம் உதறிவிட்டு, ஆறுதலாகத் திரும்பிக் காட்டுக்குள் போய்விட்டது. மடியைத் தடவினேன், குண்டு சாரனுக்குள் கிடந்தது. அங்கேயே தரையில் இருந்துவிட்டேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஸெய்னுதீன் என்னைப் பகிடி பண்ணவில்லை. காக்கா, மாடு பாத்துக்கொண்டு நிக்கக்குள்ள நீங்க கலிமா சொல்லல்ல, றம்லா றம்லா எண்டுதான் கூப்பிட்டீங்க என்றான். எனக்கு நினைவே இல்லை. மௌத்து முன்னால் நிற்கும்போது ஒரு முஸ்லிம் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு மகளைக் கூப்பிட்டிருக்கிறேன். தவ்பா செய்தேன், அல்லாஹ் மன்னிப்பான். இன்று காலை துவக்கைப் பொலிஸில் ஒப்படைத்துச் சீட்டும் வாங்கிவிட்டேன். வெடி பிழைத்தது என்று மட்டும்தான் உம்மாவுக்குச் சொன்னேன், நீயும் அதற்குமேல் சொல்லாதே.

கடல் கொந்தளிப்பாக இருந்தால் லோஞ்சில் ஏறாதே, திருகோணமலையில் ஒரு நாள் தங்கி வா. இரண்டு உயிரையும் அல்லாஹ் லேசாகப் பிரித்துத் தரட்டும். பிந்தாமல் வா மகள், இனி நான் கூப்பிட்டால் ஓம் வாப்பா என்று நீ பதில் சொல்லும் தூரத்தில் இருக்க வேண்டும்.

உன் வாப்பா
ஆதம்பாவா