வெறும் காகிதத்துக்குத்தான்

பிப்ரவரி 6, 1984

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. போன மாதம் பாலத்து எல்லையை இறுக்கியதிலிருந்து, மாடியில் நின்று கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருப்பவருக்கு வெளிநாட்டுத் தபால்தலை ஒட்ட வேண்டுமாம். தபாலாபீஸ்காரரும் நானும் சிரித்துக்கொண்டோம். வெளியே வந்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

மத்தியானம் ஆனால் கை தானாக உங்கள் தட்டையும் எடுத்து வைக்கிறது. போன மாதம் வரை பாலத்தைத் தாண்டி வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர், குழம்பு ஆறியிருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர், இப்போது அங்கே எதை வாயில் வைக்கிறீர்களோ.

பாலத்து மீசைக்காரக் காவலரை மாற்றிவிட்டார்கள். “பாப்பா, கணக்கு எழுதிட்டியா?” என்று கேட்டு வழிவிடுவாரே, அவர்தான். புதிதாக வந்தவர் பாப்பாவின் புத்தகப் பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தார். பிள்ளை நடுங்கிப்போய்விட்டாள். அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் போதுமென்று இங்கேயே சேர்த்துவிட்டேன்.

உங்கள் அப்பா படுத்தபடியேதான் இருக்கிறார். நீங்கள் ஆஸ்பத்திரிச் சலவை வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னால், “பாலம் தாண்டி வர இவ்வளவு நேரமா?” என்கிறார். நான் என்னத்தைச் சொல்ல?

வாரக் கடைசியிலாவது விடுவார்கள்தானே?

இப்படிக்கு,
வாசலையே பார்த்திருக்கும்
பாப்பா அம்மா

—

பிப்ரவரி 21, 1984

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. வாரக் கடைசி கிடையாதாம், மாதம் ஒருமுறைதான் அனுமதி. தங்குவதற்கு ஆஸ்பத்திரி மொட்டைமாடியில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். கீழே சலவை இயந்திரங்கள், மேலே துணி காயும் கொடிகள், நடுவில் நான். சலவைச் சோடாவின் வாசனை தலையணை வரைக்கும் வந்துவிட்டது.

ஒரு யோசனை. நம் வீட்டு மாடியிலிருந்து இந்தக் கொடி தெரியும். தினமும் காலையில் வெள்ளை விரிப்புகளின் கடைசியில் ஆபரேஷன் அறையின் பச்சை விரிப்பு ஒன்றைக் காயப்போடுகிறேன். அதைப் பார்த்தால் நான் நன்றாக இருக்கிறேன் என்று வைத்துக்கொள். வீட்டில் ஏதாவது ஆபத்து என்றால் நீ நம் சிவப்புப் போர்வையைப் போடு. யார் தடுத்தாலும் ஓடி வந்துவிடுவேன்.

கிழிந்த விரிப்புகளைத் தைக்க இங்கே தையல்காரம்மா ஒருவர் இருக்கிறார். இந்த ஊர்க்காரர், கணவரை இழந்தவர். என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தார். நல்ல மனுஷி.

அப்பாவைப் புரட்டிப் படுக்க வை. முதுகில் புண் வந்துவிடும்.

உன்
பாப்பா அப்பா

—

நவம்பர் 10, 1985

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

காலையில் பல் தேய்க்கும் முன்னால் மாடிக்கு ஓடுகிறாள் உங்கள் மகள். “பச்சை போட்டாச்சு!” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினால்தான் எனக்கு அடுப்பு பற்றுகிறது. போன மாதம் மழையில் மூன்று நாள் கொடி காலியாக இருந்ததே, நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நம் பாலத்து முனைத் தெருவை நீங்கள் பார்த்தால் அடையாளம் தெரியாது. அந்தப் பக்கத்து ஜனம் துணி தைக்க வராததால் தையல் கடைகள் எல்லாம் பூட்டு. இங்கிருந்து சினிமாவுக்கு அங்கே போவோமே, அந்தக் கூட்டமும் இல்லை. முன்பெல்லாம் ‘அக்கரை’ என்போம். பாப்பா இப்போது ‘அந்த நாடு’ என்கிறாள். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்களாம்.

தையல்காரம்மா இந்தத் தடவையும் உங்கள் கடிதத்தில் வந்துவிட்டார். பொத்தான் போய், காலர் போய், இப்போது சட்டையே தைத்தாயிற்றா? நடத்துங்கள், நடத்துங்கள். நான் சும்மா சொல்கிறேன்.

போன முறை நீங்கள் வந்தபோது உங்களோடு சரியாகப் பேசவே முடியவில்லை. உங்கள் அப்பாவைக் குளிப்பாட்டுவதிலேயே பொழுது போய்விட்டது. அடுத்த முறை பேசுவோம்.

பாப்பா அம்மா

—

மே 3, 1986

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

இதை உட்கார்ந்து படி.

அந்தப் பக்கம் மனைவி உள்ளவர்களுக்கு இனி வேலை அட்டை இல்லையாம். நாளைக்குக் குடும்பத்தையே இழுத்து வந்துவிடுவார்களாம். தனி ஆள் என்று கோர்ட்டுக் காகிதம் காட்டினால் மட்டும் அட்டை. ஊருக்குத் திரும்பலாம் என்றால், அங்கே இருந்த ஒரே ஆலையும் மூடிக் கிடக்கிறது. அப்பாவின் மருந்துக்கு எங்கே போவது?

வெறும் காகிதத்துக்குத்தான். நீயும் நானும் எப்போதும்போல்தான். நிலைமை சரியானதும் கிழித்துப் போட்டுவிடலாம். நீ வேண்டாம் என்றால் வந்துவிடுகிறேன்.

உன்
பாப்பா அப்பா

—

ஆகஸ்ட் 19, 1986

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? ஊர் என்று எழுதிவிட்டேன் பாருங்கள்.

நீதிபதி, “சேர்ந்து வாழ வழியே இல்லையாம்மா?” என்று கேட்டபோது எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. “இல்லீங்க” என்று நான் சொன்னதைக் கேட்டு உங்கள் முகம் ஏன் அப்படிச் சுருங்கியது? நீங்கள் சொல்லிக்கொடுத்ததைத்தானே சொன்னேன். பிறகு எதிர்க்கடையில் ஒரே டம்ளர் டீயை இரண்டு பேரும் குடித்தோம். கடைக்காரர் நம்மைப் புதுசாகக் கல்யாணமானவர்கள் என்றே நினைத்திருப்பார்.

இனி நான் உங்களைப் பார்க்க வர உரிமை இல்லை, நீங்களும் வரக்கூடாது என்று வழக்கறிஞர் சொன்னது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. பரவாயில்லை. கொடி இருக்கிறது. பயமாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை.

பாப்பா அம்மா

—

மார்ச் 2, 1987

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வெளியூர்த் தனி ஆட்களையும் அனுப்பப் போகிறார்கள். இந்த ஊரில் குடும்பம் உள்ளவர்கள் மட்டும் இருக்கலாமாம். தையல்காரம்மா மனைவி என்று கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டார். பாவம், நம் கஷ்டம் அவருக்குத் தெரியும்.

இதுவும் காகிதத்துக்குத்தான். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. பாப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

பாப்பா அப்பா

—

டிசம்பர் 14, 1988

உங்களுக்கு,

போன வாரம் உங்கள் அப்பா போய்விட்டார். கடைசி வரை பாலத்தைத்தான் கேட்டார்.

கூட்டம் கூடும் முன்பே மாடிக்குப் போய்ச் சிவப்புப் போர்வையைப் போட்டேன். காற்றில் பறக்காமல் இருக்க ஒரு முனையைப் பாப்பா பிடித்துக்கொண்டாள். உங்கள் கடிதம் குறைந்தபோது வேலை அதிகம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். சில மாதமாக உங்கள் கொடியில் சின்னச் சின்னத் துணிகள் காய்கின்றன. “ஆஸ்பத்திரிக் குழந்தைங்க துணியையும் அப்பாதான் தொவைக்கிறாரா?” என்று பாப்பா கேட்டாள். ஆமாம் என்றேன். சத்தியமாக நானும் அதைத்தான் நம்பினேன்.

போர்வை போட்ட அன்று நீங்கள் வெளியே வந்தீர்கள். தோளில் ஒரு குழந்தை. பின்னாலேயே தையல்காரம்மா வந்து அந்தச் சின்னத் துணிகளை உருவி எடுத்தார். நீங்கள் இந்தப் பக்கம் திரும்பிப் போர்வையைப் பார்த்தீர்கள். ரொம்ப நேரம் பார்த்தீர்கள். பிறகு குழந்தையின் தலையை முந்தானையால் மூட அவர் வந்தார், நீங்கள் குனிந்து கொடுத்தீர்கள். உள்ளே போய்விட்டீர்கள். இருட்டும் வரை உடலை எடுக்க விடாமல் வைத்திருந்தேன். பாலத்து வாசலில் நிற்கப் பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பியிருந்தேன். அனுமதி கேட்டுக்கூட யாரும் வரவில்லை என்றார்.

கையெழுத்துப் போடச் சொன்னீர்கள், போட்டேன். இல்லீங்க என்று சொல்லச் சொன்னீர்கள், சொன்னேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் குழந்தையும் காகிதத்துக்குத்தானா?

பதில் எழுத வேண்டாம். பச்சை விரிப்பை மட்டும் நிறுத்திவிடுங்கள். அன்று பாப்பாவும் எல்லாவற்றையும் பார்த்தாள். அதற்குப் பிறகு காலையில் மாடிக்குப் போவதில்லை.

‘பாப்பா அப்பாவுக்கு’ என்று தொடங்கக் கை வரவில்லை. அதனால்தான் மேலே அப்படி எழுதினேன்.

சிவப்புப் போர்வையை இறக்கிவிட்டேன். இந்த வருடம் குளிர் அதிகம். பாப்பா அதைத்தான் போர்த்திக்கொண்டு தூங்குகிறாள்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா