குளோரின் வேண்டாம் என்றாயே, ரங்கா

என் பிடிவாதக்காரத் தங்கை ரங்காவுக்கு,

நீ போன பிறகும் உன்னோடு சண்டை ஓயவில்லை. மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "என் குளத்துல இனிமே குளோரின் வாடையே வரப்படாது" என்று கண்ணனிடம் சொன்னாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உன் மகன் அதைத் தாயின் கடைசிக் கட்டளையாக எடுத்துக்கொண்டான். நீ நடத்திய நீச்சல் குளத்தில் நீ ஆசைப்பட்ட அயனியாக்கக் கருவியை மாட்டினான். குளோரினை அடியோடு நிறுத்தினான். மின்சாரம் பாயும்போது செம்பு, வெள்ளித் தகடுகளிலிருந்து உலோக அயனிகள் நீரில் கலக்கும், கிருமிகள் சாகும். உண்மைதான். ஆனால் மெதுவாகச் சாகும். ஒரு பிள்ளையின் உடலிலிருந்து வந்த கிருமி இன்னொரு பிள்ளையின் வாய்க்குள் போக அவ்வளவு நேரம் ஆகாது. கொஞ்சமாவது குளோரின் வேண்டும் என்று, கல்லூரியில் வேதியியல் நடத்திய நான் உனக்கு எத்தனை முறை சொன்னேன்? அந்தப் பாதியை மட்டும் ஏன் அவனிடம் சொல்லாமல் போனாய்?

ஞாயிறு காலை, பிள்ளைகள் நீச்சலுடையில் வரிசையாக நின்றார்கள். தண்ணீர் என்னவோ கண்ணாடி போலத்தான் இருந்தது. சோதனைக் குழாயில் கொஞ்சம் எடுத்துச் சொட்டு மருந்து விட்டேன். குளோரின் இருந்தால் மஞ்சளாகும். ஆகவில்லை. குளத்தில் இறங்கும் படியை மறித்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"பெரியம்மா, எல்லாரும் பாக்கறா. ஏந்துக்கோங்கோ," என்றான் கண்ணன். "அதான் செம்பும் வெள்ளியும் இருக்கே. பெருமாள் தீர்த்தமே வெள்ளி வட்டில்லதானே தரா?"

"அந்த வட்டில்ல இத்தனை கொழந்தைகள் முங்கிக் குளிக்கறதில்லேடா."

யாரும் சிரிக்கவில்லை. பெற்றோர் முணுமுணுத்தார்கள். ஒரு தகப்பனார் மகளின் கையைப் பிடித்தபடி முன்னால் வந்தார்.

"வழி உடும்மா. நேத்து பூரா புள்ளைக்கு வயித்தால போய்க்கினு இருந்துச்சு. அப்பவும் கிளாஸ் உடக்கூடாதுன்னு இட்டாந்திருக்கேன்."

பக்கத்தில் இருந்த பெண்மணி தன் மகனைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அப்படிப்பட்ட குழந்தையை எந்தக் குளத்திலும் இறக்கக் கூடாது. ஆனால் எல்லாத் தகப்பன்மாரும் வாய்விட்டுச் சொல்வார்களா?

கண்ணன் குளத்தின் கதவைச் சாத்திப் பூட்டப் போனான். "அம்மாக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று மட்டும் கேட்டான்.

"நான் சொல்லிக்கறேன்."

இதோ சொல்கிறேன். கருவி இருக்கும். குளோரினும் இருக்கும், கருவி உதவுவதால் முன்பைவிடக் குறைவாக, ஆனால் கிருமிக்குப் போதுமான அளவுக்கு. கண் எரியாது. வாடை லேசாக வரும், பொறுத்துக்கொள். என் கையில் தெம்பு உள்ளவரை தினமும் நானே சொட்டு விட்டுப் பார்ப்பேன். மஞ்சள் தெரியாத காலையில் அந்தப் பூட்டைத் திறக்க விடமாட்டேன், நீயே வந்து கேட்டாலும்.

இன்றும் உனக்கு விட்டுக்கொடுக்காத,
உன் அக்கா