ஏழுமலை கட்டிய குடிசை

1976 நவம்பர் 16, செவ்வாய்

விடாத மழை. பள்ளிக்கு லீவு, எனக்கு இல்லை. ஏரி உடைந்ததில் வீடு போனவர்கள் எல்லாரும் என் பள்ளிக்கூடத்தில். மூன்றாம் வகுப்பில் அடுப்பு. கரும்பலகைக்கு இனி மை பூச வேண்டாம், புகையே பூசிவிடும். பெயர் தலைமையாசிரியை, வேலை சத்திரக்காரி.

வாங்க: மண்ணெண்ணெய், தலைவலி மாத்திரை.

மதியம் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஆர்.ஐ. வந்து முகாம் கஞ்சிக்குப் பெயர் எழுதினார். கன்னியம்மா குடும்பத்தை மட்டும் எழுதவில்லை. புதுசாக வரும் கம்பெனிக்கு ரோடு போட அவர்கள் குடிசையைத் தீபாவளிக்கு முன்பே பிரித்துப் போட்டுவிட்டார்கள். புறம்போக்கு. அன்றிலிருந்து புளியமரத்தடிதான்.

"வெள்ளத்துல போனாத்தாம்மா முகாம். உங்களுது முன்னாடியே போயிடுச்சே."

கன்னியம்மா கைக்குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கேட்டாள்: "வெள்ளம் இட்ச்சா கவுருமெண்டு பாத்துக்கும். கவுருமெண்டே இட்ச்சா யாரு சார் பாத்துக்குறது?"

ஆர்.ஐ. குடையை மடக்கினார், விரித்தார்.

17, புதன்

தூறல். கஞ்சியில் உப்பே இல்லை. மற்றவர்கள் தங்கள் தட்டிலிருந்து கன்னியம்மாவின் பிள்ளைகளுக்கு ஊற்றினார்கள். பெரியவள் மல்லிகா என் மூன்றாம் வகுப்பு. வாயாடி.

கன்னியம்மா பெயரைச் சேர்க்கச் சொல்லித் தாலுகா ஆபீஸ் போனேன். பள்ளிக்கூடம் பஞ்சாயத்து யூனியன் கட்டடம், யூனியனைக் கேளுங்கள் என்றார்கள். யூனியன் ஆபீஸில், முகாம் தாலுகா பொறுப்பு என்றார்கள். இரண்டு இடத்திலும் டீ கொடுத்தார்கள். கவர்னர் ஆட்சி. எம்.எல்.ஏ. என்று ஒருவர் இருந்தாலாவது வாசலில் போய் நிற்கலாம்.

செருப்பு வார் அறுந்தது.

18, வியாழன்

ஊரெல்லாம் ஒரே பேச்சு. வெள்ளத்தில் குடிசை விழுந்தவர்களுக்கு மூங்கில், ஓலை, மேட்டில் இடம் தரப்போகிறார்களாம். கன்னியம்மாவின் புருஷன் ஏழுமலை கூரை வேய்கிறவர். யாரிடமோ கழி, ஓலை கேட்டு வாங்கி, பழைய இடத்திலேயே, முழங்கால் தண்ணீரில் குடிசை போடுகிறார்.

"இப்ப எதுக்குங்க இது?"

"ஆர்.ஐ. வந்து பாக்கசொல்ல உழுந்து கெடக்கணும் டீச்சர். அப்பதான் கணக்குல வரும்."

சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அழுகை.

19, வெள்ளி

மறுபடி பேய்மழை, காற்று. ஒரு வீடு விழ வேண்டும் என்று சாமியிடம் கேட்டுக்கொண்டது இதுதான் முதல் தடவை.

மல்லிகாவுக்கு விவரம் தெரியாது. "எங்க நைனா கட்ன ஊடு உழாது டீச்சர்" என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டு திரிகிறாள்.

20, சனி

வெயில். ஆர்.ஐ. பார்வையிட வந்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். ஏரிக்கரைப் பக்கம் எல்லாம் சாய்ந்து கிடக்கிறது. ஏழுமலையின் குடிசை மட்டும் நிற்கிறது. ஓர் ஓலைகூடக் கலையவில்லை.

"லூசா கட்டுய்யான்னு சொன்னேனே" என்றாள் கன்னியம்மா.

"கை வர்ல, இன்னா பண்ண சொல்ற."

ஆர்.ஐ.: "உனக்குத்தான் வீடு இருக்குதேப்பா, முகாம் எதுக்கு?" அடுத்த மூச்சிலேயே, "இது புறம்போக்கு. திங்கக்கிழமை எடுத்துடணும்."

நான் குறுக்கே போய் நின்றேன். "வீடு இருக்குதுன்னா இடிக்காதீங்க சார். இல்லைன்னா இடம் குடுங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"என் கையில இல்ல டீச்சர்." பாவம், அவருக்கும் முகம் செத்துப்போயிற்று. அதை வைத்துக்கொண்டு கன்னியம்மா என்ன செய்ய?

21, ஞாயிறு

முகாம் மூடியாயிற்று. சாவி என்னிடம். மற்றவர்கள் மூங்கில், ஓலையோடு மேட்டுக்குப் போனார்கள். நின்ற குடிசையைப் பார்த்ததிலிருந்து ஏழுமலைக்கு ஏகக் கிராக்கி. நாள் முழுக்க அடுத்தவர் கூரைமேல் அவர். தண்ணீர் வடிந்த குடிசையில் கன்னியம்மா சாணி மெழுகுகிறாள். நாளைக்கு இடிப்பார்கள் என்று தெரிந்தும்.

22, திங்கள்

பள்ளி திறந்தது. வருகை பாதிக்கும் கீழே. எவ்வளவு கழுவியும் புகை வாடை போகவில்லை.

இரண்டாவது பீரியடில் லாரி வந்தது. ஆட்கள் இழுத்தும் குடிசை அசையவில்லையாம். ஏழுமலையையே கூப்பிட்டுப் பிரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவரும் ஓலை கிழியாமல், முடிச்சு முடிச்சாக அவிழ்த்து அடுக்கியிருக்கிறார். ஆயாம்மா வந்து சொன்னாள். பாடம் ஓடவில்லை.

சாயங்காலம் மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். மல்லிகா மட்டும் சிலேட்டுப் பலகையோடு உட்கார்ந்திருந்தாள்.

"மணி அடிச்சாச்சே, கிளம்பும்மா."

"எங்க டீச்சர்?"

மூன்றாம் வகுப்பைப் பூட்டவில்லை. யார் பொறுப்பு என்று நாளைக்கு அந்த இரண்டு ஆபீஸும் வந்து என்னைக் கேட்கட்டும்.