மாமா குடித்த காபி

அன்புள்ளவளே,

நீ கோபித்துக்கொண்டு போனது தெரியாமலிருக்க, உன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அதனால்தான் போயிருக்கிறாய் என்று பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். உன் அம்மா என்னை மன்னிக்கட்டும்.

நேற்று மாமா ஊர்ப் பெரியவர்களோடு வந்தார். ஊற்றிக் கொடுத்த காபியைக் குடிக்காமல் கீழே வைத்தார். ஏதோ கேட்க வந்திருக்கிறார், அது கிடைக்காமல் குடிக்க மாட்டார் என்று புரிந்தது.

"மாப்பிள்ளை, என் மகனோட பையன் சுஹைபுக்கு உங்க தண்ணி ஆபீஸ் வேலை வேணும். சரின்னு சொல்லுங்க, குடிக்கிறேன்."

"குடிங்க மாமா" என்றால் தீர்ந்தது. என் வாயில் வந்தது வேறு. "பரீட்சையில ரனீம்னு ஒரு பொண்ணு முதல்ல வந்திருக்கா மாமா. அவளுக்குத்தான்."

"யார் வீட்டுப் பொண்ணு?"

"தெரியாது."

"தெரியாதவளுக்காகச் சொந்தத்த விடுறாரு. நாற்காலி தலைக்கேறிடுச்சு" என்றார் ஒரு பெரியவர். காபி அப்படியே இருக்க எல்லோரும் எழுந்துவிட்டார்கள்; ஒரு வீட்டுக்கு அதைவிட அவமானம் வேறில்லை.

வாசல்வரை போன மாமா திரும்பி வந்தார். ஆறிப்போன காபியை எல்லோரும் பார்க்க ஒரே மடக்கில் குடித்தார். கோப்பையை வைத்துவிட்டு வெளியேறினார். வந்தவர்கள் நான் சம்மதித்ததாக எடுத்துக்கொண்டு, கையைக் குலுக்கி வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

அதிலிருந்து வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். என் மானத்தைக் காப்பாற்றினாரா, கையைக் கட்டிப்போட்டாரா? உன் அப்பாவை உனக்குத்தான் தெரியும்.

நாளைக் காலை ரனீமின் நியமன ஆணையில் கையெழுத்துப் போடுகிறேன். அப்புறம் கராக் ஊருக்கே நான் சொல் தவறியவன். மத்தியானம் நீ வந்தால் காபி போட்டு வைத்திருப்பேன். குடிப்பதும் கீழே வைப்பதும் உன் இஷ்டம்.

உன்னவன்