பின்கதவைக் கழற்றச் சொன்ன துரைக்கு

கடல் பொங்கி நாகப்பட்டினத்துக் கரையை வாரிக்கொண்டு போனதே, அதற்கு அடுத்த வெயில் காலத்தில்தான், எங்கள் பனியனை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காகச் சோதனை பார்க்க நீங்கள் திருப்பூருக்கு வந்தீர்கள், துரை. இன்று காலை பக்கத்துக் குடோனில் பனியன் வேஸ்ட் துணியைக் கொளுத்தினார்கள். பஞ்சு கருகும் வாடை மூக்கில் ஏறியதும் எழுந்து போய்ப் பின்கதவைத் திறந்து வைத்தேன். நீங்கள் கண் மூடிவிட்டதாக ஸ்டெல்லாம்மா சொல்லி வருஷங்கள் ஆகின்றன. ஆனாலும் உங்களிடம்தான் பேசத் தோன்றுகிறது.

முதலாளியின் காரை நான் ஓட்ட, பின்சீட்டில் நீங்கள். உங்கள் பேச்சைத் தமிழில் சொல்ல நாகர்கோவில் ஸ்டெல்லாம்மா. அரண்மனை மாதிரி வீட்டில் பிறந்தது, அப்பாவின் பிரபுப் பட்டம் உங்களுக்கு வந்தது, ஏதோ ஒரு தீவுக்குக் கவர்னராக இருந்தது, லண்டனில் பிரபுக்கள் சபையில் உட்கார்ந்தது என்று பல்லடம் வரை உங்கள் கதைதான்.

"இத்தனை பெரிய மனுசரு இந்த வெயில்ல பனியன் கம்பெனி பாக்க எதுக்குங்க வரோணும்?" என்று கேட்டேன்.

ஸ்டெல்லாம்மா உங்களிடம் கேட்டுவிட்டு என் பக்கம் குனிந்தார். "அந்தத் தீவுல ஒரு மில்லு இருந்திருக்கு, அண்ணாச்சி. இவருதான் போய்ப் பாத்துட்டு எல்லாம் சரின்னு சொல்லியிருக்காரு. ஆளுங்கள உள்ள வச்சுப் பூட்டுவாங்கன்னு தெரியாதாம். தீப்பிடிச்சிருச்சு."

துணி திருட்டுப் போகிறதென்று எங்கள் கம்பெனியிலும் பின்கதவு பூட்டித்தான் கிடந்தது. உள்ளே, தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் டேபிளில் என் மகள். வாயைத் திறந்தால் இரண்டு பேருக்கும் வேலை போகும்.

நீங்கள் வருமுன்பே மேனேஜர் பாடம் நடத்தியிருந்தார். "துரை என்ன கேட்டாலும் ஆமாங்கன்னு மட்டும் சொல்லோணும்." செக்கிங் பெண்கள் நால்வரை உங்கள் முன் நிறுத்தினார்கள். சாப்பாடு நன்றாக இருக்கிறதா? ஆமாங்க. தண்ணீர் சுத்தமா? ஆமாங்க. பின்கதவைப் பூட்டி வைப்பார்களா? நால்வரும் ஒரே குரலில், "ஆமாங்க!"

"போச்சு, தீவாளி போனஸு," என்று முணுமுணுத்தாள் ராசாத்தி.

சாவி வைத்திருக்கும் ஆள் வெளியூர் போயிருப்பதாக முதலாளி குழைந்தார். நீங்கள் ஓர் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டீர்கள். உங்கள் கண் அந்தப் பூட்டை விட்டு நகரவில்லை. "சாவி வேண்டாமாம். கதவு இருந்தா பூட்டும் வரும், கதவையே கழட்டுங்கன்னு சொல்லுதாரு," என்றார் ஸ்டெல்லாம்மா. ஆர்டர் போய்விடும் என்று முதலாளி ஃபிட்டரைக் கூப்பிட்டார். இரும்புக் கதவு கீழே இறங்கிய பிறகுதான் நீங்கள் எழுந்தீர்கள்.

உங்கள் பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. வேலை முடிந்தால் முன்வாசலில் பையையும் உடம்பையும் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். அந்தப் பெண்களின் கால்களுக்கு வேறு வழி பழக்கமில்லை. தினமும் மகளிடம் சொல்வேன், "கண்ணு, ஏதாச்சும்னா பின்னால ஓடு."

"ஏனுங்கப்பா, துரைகிட்ட இருந்து ஒட்டிக்கிச்சுங்களா?" என்று சிரிப்பாள்.

"சிரி சாமி. ஆனா பின்னாலதான் ஓடோணும்."

நீங்கள் ஊர் திரும்பியதும் முதலாளி புதுக்கதவு மாட்ட ஆள் சொல்லிவிட்டிருந்த சமயம், பட்டப்பகலில், முன்பக்கத் துணி ரூமில் தீப்பிடித்தது. நான் கொல்லைப்பக்கம் ஓடினேன். கதவில்லாத அந்தப் பின்வாசல் வழியே கரி அப்பிய முகங்களாக வந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். கடைசியில்தான் என் மகள் வந்தாள். அவளோடு செக்கிங் டேபிளில் நின்ற ராசாத்தியும் கனகாவும் மணியக்காவும் முன்வாசலுக்கு ஓடியிருந்தார்கள். பையை எடுத்துக்கொண்டு, சோதனை கொடுக்க.

இன்றும் கல்யாண மண்டபத்துக்குப் போனால் பின்வாசலைப் பார்த்துவிட்டுத்தான் பந்தியில் உட்காருகிறேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது, துரை. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள், முன்வாசல் என்று வந்ததும் பேனாவை வைத்துவிட்டுப் போய் முகம் கழுவி வந்தாள். உங்கள் முன்னால் நின்று ஆமாங்க சொன்ன நால்வரில் இன்று உயிரோடு இருப்பது இவள் ஒருத்திதான். என் மகள், துளசிமணி.